வாள் மறுப்பிலிருந்து வழக்குத் தீர்வு வரை: மெனோனைட் அமைதிநெறியின் வரலாற்று மாற்றம்

கிறிஸ்தவ அமைதிவாதத்தின் வரலாறு பெரும்பாலும் படையில் சேர மறுத்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. 295-ஆம் ஆண்டில் வட ஆப்பிரிக்காவின் தெவெஸ்தே நகரில் உரோமைப் படையில் சேர மறுத்துக் கொல்லப்பட்ட மாக்சிமிலியன் தொடங்கி, இரண்டு உலகப் போர்களின்போது சிறை சென்றவர்கள் வரை, அரசு ஆயுதத்தை நீட்டியபோது வாங்க மறுத்தவர்களே அவ்வரலாற்றின் முன்வரிசையில் நிற்கிறார்கள். எனினும் இம்மறுப்பாளர்களிடம் அரசும் அண்டை அயலாரும் ஓயாமல் கேட்டது போர்க்களத்தைவிட வீட்டு வாசலைப் பற்றித்தான். 1916-இல் பிரிட்டன் கட்டாயப் படைச்சேவைச் சட்டத்தைக் கொண்டுவந்து, மனச்சாட்சியின் பேரில் விலக்குக் கோரியவர்களை விசாரிக்கத் தீர்ப்பாயங்களை அமைத்தபோது, தாயையோ உடன்பிறந்தாளையோ ஜெர்மானியச் சிப்பாய் ஒருவன் தாக்கினால் என்ன செய்வாய் என்பதே அங்கே திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்வியாக இருந்தது. வாசலுக்கு வரும் வன்முறையை எப்படி எதிர்கொள்வது என்பதற்கு, ஏறத்தாழ 500 ஆண்டுகள் அமைதிநெறியைத் தொடர்ந்து பேணிவந்த மெனோனைட் சபைகள் அளித்த விடை காலப்போக்கில் மாறியது. அம்மாற்றத்தில் இறையியலாளர்களின் எழுத்துமேசையைவிட, படைக்கு மாற்றாக மறுப்பாளர்கள் வேலைசெய்ய அனுப்பப்பட்ட இடங்களுக்கே பெரும்பங்கு உண்டு என்பதும், அக்கேள்வி வைத்திருந்த ஒரு முன்முடிவை அச்சபைகள் மிகத் தாமதமாகவே கண்டுகொண்டன என்பதும் இக்கட்டுரையின் வாதங்கள்.

தொடக்கத் திருச்சபையின் நிலையை விரித்துரைக்க இங்கே தேவையில்லை. தெர்த்துல்லியன், ஒரிஜன் போன்றோர் கிறிஸ்தவர் வாளெடுப்பதை மறுத்து எழுதினர். நான்காம் நூற்றாண்டில் பேரரசன் கான்ஸ்டன்டைன் திருச்சபைக்கு ஆதரவளித்த பிறகு நிலைமை மாறியது. ஆனால், நியாயப் போர்க் கோட்பாட்டின் மூலவராகக் கருதப்படும் அகஸ்டின், ஆட்சியாளரின் ஆணைப்படி படைவீரன் கொல்வதை ஏற்றபோதும், தனிமனிதன் தன் உயிரைக் காத்துக்கொள்ளத் தாக்கியவனைக் கொல்வதை ஏற்கத் தயங்கினார் என்பது கவனத்துக்குரியது. தற்காப்பு எவருக்கும் இயல்பான உரிமை, போர்தான் ஐயத்துக்குரியது என்று இன்று பலரும் கருதும் வரிசைக்கு இது நேர் எதிரானது.

மெனோனைட் மரபின் வேர் 1525 ஜனவரியில் சூரிச் நகரில், கான்ராட் கிரேபெல் என்பவர் வயதுவந்த ஒருவருக்கு மீண்டும் ஞானஸ்நானம் கொடுத்த நிகழ்ச்சியில் இருக்கிறது. குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத காரணத்தால் அனபாப்டிஸ்டுகள், அதாவது மறுஞானஸ்நானக்காரர், எனப் பழிக்கப்பட்ட இக்குழுவினரை கத்தோலிக்க அரசுகளும் சீர்திருத்த அரசுகளும் ஒருசேர வேட்டையாடின. 1527 பிப்ரவரியில் ஷ்லைட்ஹைம் என்னும் சிற்றூரில் மிக்கேல் சாட்லர் தலைமையில் இவர்களுள் ஒரு பகுதியினர் கூடி ஏழு உடன்பாடுகளை வகுத்தனர். வாளைப் பற்றிய ஆறாம் உடன்பாடு, தீயோரைத் தண்டிக்கவும் நல்லோரைக் காக்கவும் வாளைக் கடவுளே ஏற்படுத்தினார் என்று ஒப்புக்கொண்டு, ஆனால் அது கிறிஸ்துவின் நிறைவுக்கு வெளியே உள்ள ஏற்பாடு என்று வரையறுத்தது. சபைக்குள் தவறு செய்பவருக்கு எதிராகப் பயன்படுத்தத்தக்கது சபை விலக்கு ஒன்றே என்றது. சபை விலக்கு என்பது மத்தேயு நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தைப் பின்பற்றி, முதலில் தனியாகவும் பின்னர் சாட்சிகளோடும் கண்டித்து, அதற்கும் இணங்காதவரை ஒதுக்கிவைக்கும் முறை. இந்த இரட்டைப் பிரிவினையே பின்வந்த வரலாறு முழுவதற்கும் அடித்தளம். வெளியுலகின் வன்முறையை அரசின் பொறுப்பில் விட்டுவிட்டு, உள்ளே நிகழும் தவற்றை மூப்பர்களின் கண்டிப்பிலும் பாதிக்கப்பட்டவரின் மன்னிப்பிலும் தீர்த்துக்கொள்ளும் அமைப்பு அப்போதே உருவாகிவிட்டது. உடன்பாட்டை வகுத்த சில மாதங்களிலேயே சாட்லர் எரித்துக் கொல்லப்பட்டார்.

இந்நிலைப்பாட்டை அனபாப்டிஸ்டுகள் எல்லாரும் ஏற்கவில்லை. பல்தசார் ஹூப்மையர் அதே 1527-இல் கிறிஸ்தவர் ஆட்சிப் பொறுப்பேற்று வாளேந்தலாம் என்று எழுதினார். 1534–35-இல் மியூன்ஸ்டர் நகரைக் கைப்பற்றிய பிரிவினரோ வாளாலேயே கடவுளின் ஆட்சியை நிறுவ முனைந்து அழிந்தனர். அந்த அழிவுக்குப் பின் 1536-இல் கத்தோலிக்கக் குருப்பணியைத் துறந்து, சிதறியவர்களைத் திரட்டிய மென்னோ சைமன்ஸின் பெயராலேயே மெனோனைட்டுகள் அறியப்படலாயினர். அமைதிநெறி இம்மரபின் பிறப்புரிமையாக இல்லாமல், ஒரு தோல்வியின் மீது கட்டி எழுப்பப்பட்டது என்பதை மெனோனைட் வரலாற்றாசிரியர்களே அண்மைக் காலத்தில்தான் அழுத்திச் சொல்லத் தொடங்கினர். 1569-இல் நெதர்லாந்தின் ஆஸ்பெரன் ஊரில், சிறையிலிருந்து தப்பிப் பனிக்கட்டி மூடிய நீர்நிலையைக் கடந்தோடிய டிர்க் வில்லெம்ஸ், தம்மைத் துரத்தி வந்தவன் பனி உடைந்து மூழ்குவதைக் கண்டு திரும்பி வந்து அவனைக் கரைசேர்த்து, அதனாலேயே பிடிபட்டு எரிக்கப்பட்டார். 1660-இல் திலெமன் வான் பிராக்ட் தொகுத்த இரத்தசாட்சிகளின் வரலாற்று நூலில் இடம்பெற்ற இந்நிகழ்ச்சிக்கு, 1685-ஆம் ஆண்டுப் பதிப்பில் யான் லோய்க்கன் வரைந்த செதுக்கோவியம் இன்றும் மெனோனைட் இல்லங்களில் காணப்படுகிறது. பகைவனையும் காப்பாற்ற வேண்டும் என்பதற்கு அது வலுவான முன்மாதிரி. ஆயினும் அங்கே விலையாகக் கொடுக்கப்பட்டது டிர்க்கின் சொந்த உயிர் மட்டுமே. தாக்கப்படுவது இன்னொருவராக இருந்தால் என்ன செய்வது என்பதற்கு அவ்வோவியத்தில் விடை இல்லை.

அக்கேள்வி உக்ரைனின் புல்வெளிகளில் வாழ்வா சாவா என்ற நிலையில் எழுந்தது. படைச்சேவை விலக்கை உறுதியளித்த ரஷ்யப் பேரரசி இரண்டாம் கத்தரீனின் அழைப்பை ஏற்று, 1789 முதல் அங்கே குடியேறிய மெனோனைட்டுகள், ஒரு நூற்றாண்டுக்குள் பெருநிலக்கிழார்களாகவும் ஆலை உரிமையாளர்களாகவும் வளர்ந்திருந்தனர். சுற்றியிருந்த உக்ரைனிய உழவர்களுக்கும் அவர்களுக்குமான இடைவெளியும் அதே அளவு வளர்ந்திருந்தது. 1917-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பிறகு, அராஜகவாதத் தலைவர் நெஸ்தர் மக்னோவின் படையினர் உட்படப் பல ஆயுதக் குழுக்கள் இக்கிராமங்களைச் சூறையாடியபோது, இளைஞர்கள் ஜெர்மானிய ஆக்கிரமிப்புப் படையிடம் பயிற்சி பெற்றுத் தற்காப்புப் படை ஒன்றை அமைத்தனர். 1918-இல் லிக்டெனாவ் கிராமத்தில் கூடிய சபை மாநாடு அமைதிநெறியைக் கைவிடாமலும் ஆயுதமெடுத்தவர்களை விலக்காமலும், முடிவை அவரவர் மனச்சாட்சிக்கு விட்டது. சில மாதங்கள் தாக்குப்பிடித்த அப்படை, உள்நாட்டுப் போரில் போல்ஷெவிக்குகளை எதிர்த்த வெள்ளைப் படைகளோடு கைகோத்தபோது, ஊர்க்காவல் என்ற எல்லையைக் கடந்துவிட்டது. 1919 அக்டோபரில் ஐகென்ஃபெல்ட் கிராமத்தில் ஒரே இரவில் எழுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஆயுதமெடுத்ததே பழிவாங்கலைப் பெருக்கியது என்று சிலரும், எடுக்காதிருந்தாலும் கொலைகள் நடந்தே இருக்கும் என்று சிலரும் அதன்பின் பல பதிற்றாண்டுகள் வாதிட்டனர். வாதம் தீர்ந்தபாடில்லை, சூறையாடப்படும் அளவுக்கு வெறுப்பு திரண்டதில் தங்கள் செல்வத்தின் பங்கு என்ன என்ற கேள்வியை இரு தரப்பாரும் அரிதாகவே எழுப்பினர். அப்பகுதியின் பஞ்சத்துக்கு உதவ 1920-இல் வட அமெரிக்காவில் தொடங்கப்பட்ட மெனோனைட் மத்தியக் குழுதான், இம்மரபு பொறுத்துக்கொள்வதிலிருந்து செயல்படுவதற்கு நகர்ந்ததன் முதல் நிறுவன வடிவம்.

இந்நகர்வின் இரண்டாம் கட்டம் அமெரிக்க மனநல மருத்துவமனைகளில் நடந்தது. முதல் உலகப் போரில் அமெரிக்க அரசு மறுப்பாளர்களைப் படைமுகாம்களிலும் சிறைகளிலும் அடைத்தது. மெனோனைட்டுகளின் உறவுச் சபையான ஹட்டரைட்டுகளைச் சேர்ந்த ஜோசஃப், மிக்கேல் ஹோஃபர் சகோதரர்கள் 1918-இல் லெவன்வர்த் சிறையில் உயிரிழந்தனர். அந்த அனுபவம் மீண்டும் நேராதிருக்க, 1940-ஆம் ஆண்டுக் கட்டாயச் சேவைச் சட்டத்தின்கீழ் மெனோனைட், குவேக்கர், பிரதரன் சபைகள் அரசோடு பேசி உருவாக்கியதே குடிமைப் பொதுப்பணித் திட்டம். 1941 முதல் 1947 வரை ஏறக்குறைய 12,000 பேர் இதில் ஊதியமின்றி வேலை செய்தனர். காடு வளர்ப்பும் மண் அரிப்புத் தடுப்பும் தொடக்கத்தில் தரப்பட்ட பணிகள். ஆட்பற்றாக்குறையால் தத்தளித்த அரசு மனநல மருத்துவமனைகளுக்கு அவர்களுள் சுமார் 3,000 பேர் சென்றபோது, போர்க்களத்தைத் தவிர்த்தவர்கள் அன்றாட வன்முறையின் நடுவே வந்து சேர்ந்தார்கள். நோயாளிகளை அடித்தும் கட்டிவைத்தும் அடக்குவது அங்கே நெடுங்கால நடைமுறை. நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளுள்ள கூடத்தை ஓரிரு ஏவலர் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. நோயாளிகள் ஒருவரையொருவர் தாக்குவதும் ஏவலரைத் தாக்குவதும் நாள்தோறும் நடந்தன. தன் கன்னத்தைத் திருப்பிக் காட்டுவது அங்கே பயன்படவில்லை, ஏனெனில் ஏவலர் ஒதுங்கினால் அடிபடுவது பக்கத்துக் கட்டிலில் இருப்பவர். இருவர் மூவராகச் சேர்ந்து காயமின்றிப் பிடித்து நிறுத்துவது, வெறுங்கையோடு நெருங்கி அமைதியாகப் பேசுவது, சண்டை மூளும் நேரத்தையும் காரணத்தையும் முன்கூட்டியே கவனிப்பது என்று சிலவற்றை அவர்கள் செய்து பார்த்துக் கற்றார்கள். சிலர் பொறுமையிழந்து தாங்களும் கைநீட்டினார்கள் என்பதும் அவர்களின் நினைவுக்குறிப்புகளில் பதிவாகியிருக்கிறது. பிலடெல்பியாவின் பைபெரி மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் லார்ட் என்ற குவேக்கர் மறைவாக எடுத்த ஒளிப்படங்கள் 1946 மே மாதம் லைஃப் இதழில் வெளிவந்து நாட்டையே அதிரவைத்தன. மெனோனைட்டுகள் புரூக் லேன் (1949), கிங்ஸ் வியூ (1951), ப்ரெய்ரி வியூ (1954) எனத் தாங்களே மனநல மையங்களைத் தொடங்கினர். வன்முறைக்கு எதிர்வினையாற்றும் திறன் பயிற்சியால் வருவது, நற்பண்பு இருந்தால் தானே வந்துவிடாது என்ற புரிதலை இம்மருத்துவமனைகள்தான் தந்தன.

இறையியல் இதற்குப் பின்தங்கியே வந்தது. 1940-இல் அமெரிக்க இறையியலாளர் ரைன்ஹோல்ட் நீபர், உலகிலிருந்து விலகி வாழும் மெனோனைட் வகை அமைதிவாதத்தை முரணற்றது என்று மதித்தபோதே, அரசியல் நீதிக்கு அது பயன்படாது என்று தீர்த்துக் கூறினார். இதற்கு விடைபோல 1944-இல் மெனோனைட் அறிஞர் கை ஹெர்ஷ்பெர்கர் எழுதிய நூல் எதிர்த்து நில்லாமை என்னும் விவிலிய நெறியைக் காந்தியின் சத்தியாகிரகத்திலிருந்து கவனமாகப் பிரித்தது. பின்னதும் எதிராளியைப் பணியவைக்கும் வற்புறுத்தலே என்பது அவர் கருத்து, தொழிலாளர் வேலைநிறுத்தத்தையும் அவர் அதே கணக்கில் சேர்த்தார். 1961-இல் அட்லாண்டாவில் மெனோனைட் இல்லத்தைத் தொடங்கிக் குடிமையுரிமைப் போராட்டத்தில் இறங்கிய வின்சென்ட், ரோஸ்மேரி ஹார்டிங் என்னும் கறுப்பினத் தம்பதியர், நிறவெறி தலைவிரித்தாடும் நாட்டில் வெள்ளையினச் சபையின் மௌனம் எவ்வகையில் அகிம்சையாகும் என்று கேட்டபோதுதான் அந்தப் பிரிவினை தளரத் தொடங்கியது.

இதன் தொடர்ச்சி, எதிர்பாராத இடத்தில், நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. 1974-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து எல்மைரா ஊரில் குடிபோதையில் இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 இடங்களில் கார்களையும் சன்னல்களையும் பிறவற்றையும் சேதப்படுத்தினர். கிச்சனர் நகரில் நன்னடத்தை அலுவலராக இருந்த மெனோனைட் மார்க் யான்சி, இவர்கள் பாதிக்கப்பட்டவர்களை நேரில் சந்தித்து இழப்பை ஈடுசெய்யட்டும் என்று முன்மொழிய, நீதிபதி கார்டன் மெக்கானல் முதலில் தயங்கிப் பின் இணங்கினார். இளைஞர்கள் வீடுவீடாகச் சென்றனர். ஈட்டுத்தொகை சில மாதங்களில் செலுத்தப்பட்டது. மீட்சி நீதி எனப்படும் இயக்கத்தின் தொடக்கமாக இவ்வழக்கே வழக்கமாகச் சுட்டப்படுகிறது. குற்றத்தைச் சட்டமீறலாக மட்டும் காணாது, ஒருவர்மேல் இன்னொருவர் இழைத்த தீங்காகக் கண்டு, அத்தீங்கைச் சரிசெய்யும் பொறுப்பை இழைத்தவர்மேல் வைப்பது அதன் அடிப்படை. 1978-இல் இண்டியானாவின் எல்கார்ட்டுக்கு இம்முறை சென்றது. 1990-இல் ஹோவர்ட் ஜெர் எழுதிய நூல் இதற்குக் கோட்பாட்டு வடிவம் கொடுத்தது. நீதிமன்றத்தின் உள்ளேயே மெனோனைட்டுகள் வேலை செய்யத் தொடங்கியதோடு ஷ்லைட்ஹைம் வகுத்த எல்லைக்கோடு நடைமுறையில் மறைந்துவிட்டது எனலாம்.

ஆனால் அக்கோட்டின் உட்புறத்தை ஆராய்ந்தவர்கள் பெண்கள். தீர்ப்பாயங்கள் கேட்ட கேள்வியிலும் அதற்கு எழுதப்பட்ட விடைகளிலும் தாக்குபவன் எப்போதும் வெளியிலிருந்து வருபவன். காப்பவன் வீட்டு ஆண். பெண் காக்கப்படுபவள் மட்டுமே. தாக்குபவனே வீட்டு ஆணாக இருக்கும் இல்லங்களில் பொறுமை, மன்னிப்பு, எதிர்த்து நில்லாமை ஆகிய மூன்றும் அடிபடுபவளிடமே கோரப்பட்டன. மூப்பர்கள் எல்லாரும் ஆண்களாக இருந்த சபையில், முதலில் தனியாகச் சென்று கண்டிக்க வேண்டும் என்ற மத்தேயு 18-ஆம் அதிகார ஒழுங்கு, பாதிக்கப்பட்டவளைத் தீங்கிழைத்தவன் முன் தனியே நிறுத்தியது. 1991-இல் எல்கார்ட்டிலுள்ள மெனோனைட் இறையியல் கல்லூரியில் நடந்த கருத்தரங்கின் கட்டுரைகள், அமைதி இறையியலையும் பெண்கள்மீதான வன்முறையையும் பற்றி அடுத்த ஆண்டில் தொகுப்பாக வெளிவந்தபோதுதான் இவ்விமர்சனம் மரபின் மையத்தை எட்டியது.

அம்மையத்தில் அப்போது இருந்தவர் ஜான் ஹோவர்ட் யோடர். 1972-இல் வெளியான இயேசுவின் அரசியல் பற்றிய நூலால் அமைதிவாதத்தை உலக இறையியலில் மதிப்புக்குரிய வாதமாக்கியவரும், வாசலுக்கு வந்து தாக்குபவனை என்ன செய்வாய் என்ற கேள்விக்கு 1983-இல் தனி நூலாகவே விடை எழுதியவரும் அவரே. 1970-களிலிருந்து அவர் பெண்களிடம் நடத்திய பாலியல் அத்துமீறல்களைக் கல்லூரி நிர்வாகம் அறிந்திருந்தும், 18-ஆம் அதிகார வழிமுறையின் பெயரால் மறைவாகவே பேசிக்கொண்டிருந்தது. 1992 முதல் 1996 வரை நடந்த சபை ஒழுங்கு நடவடிக்கை, அவர் மீண்டும் கற்பிக்கவும் எழுதவும் ஊக்குவித்து முடிந்தது. 1997-இல் அவர் இறந்தார். 2015-இல் வரலாற்றாசிரியர் ரேச்சல் வால்ட்னர் கூசன், சபையின் வேண்டுகோளின் பேரில் ஆவணங்களை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை, பாதிக்கப்பட்ட பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் இருக்கலாம் என்று காட்டியது. அதே ஆண்டு அக்கல்லூரி அப்பெண்களை அழைத்து வழிபாடு ஒன்றில் தன் தவற்றை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அதற்கு முன்பே, யோடரின் நூல்களை வெளியிட்டுவந்த சபைப் பதிப்பகம், அவர் இழைத்த தீங்கைக் குறிப்பிடும் முன்குறிப்பு ஒன்றை அவற்றில் சேர்க்க முடிவுசெய்திருந்தது.