டிக்கின் அப்பா

1771-ம் வருடம். பாரிஸ் நகரத்தில் ஒரு பெரியவரும் ஒரு சிறுவனும் பேசிக்கொண்டே நடந்து போகிறார்கள். பெரியவருக்கு அறுபதை நெருங்கும் வயது. ஐரோப்பா முழுக்கக் கொண்டாடவும் திட்டவும் பட்ட எழுத்தாளர் ரூஸோ! சிறுவனுக்கு ஏழு வயது. இங்கிலாந்திலிருந்து வந்திருப்பவன். பெயர் ரிச்சர்ட். வீட்டில் டிக்.

டிக்கின் அப்பா, மகனை ரூஸோவிடம் ஒப்படைத்துவிட்டு, முடிவுக்காகக் காத்திருக்கிறார். ஆமாம், பரீட்சை முடிவுக்குத்தான்! அதுவும் தான் எழுதிய பரீட்சை. ஏனென்றால், அந்தப் பையன் வளர்ந்ததே ரூஸோ எழுதிய புத்தகத்தை வைத்துத்தான்.

பள்ளிக்கூடமே வேண்டாம், குழந்தை தானாகக் கற்றுக்கொள்ளும் என்று இன்றைக்குப் பல பெற்றோர் துணிச்சலாக 'ஹோம் ஸ்கூலிங்' முடிவை எடுக்கிறார்கள். அது ஏதோ நேற்று முளைத்த யோசனை என்று நினைத்துவிட வேண்டாம். இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே ஒரு அப்பா அதைச் செய்து பார்த்து, தோற்று, அப்புறம் என்ன செய்தார் என்பது ரொம்ப சுவாரஸ்யமான, கொஞ்சம் சங்கடமான கதை.

முதலில் அந்தப் புத்தகம். 'எமீல்' - 1762-ல் வெளிவந்தது. எமீல் என்கிற கற்பனைச் சிறுவனை எப்படி வளர்ப்பது என்று ரூஸோ சொல்லிக்கொண்டு போவார். குழந்தைக்கு உத்தரவு போடாதே, மனப்பாடம் செய்யச் சொல்லாதே, புத்தகத்தைத் திணிக்காதே! ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டானா? திட்டாதே. ராத்திரி குளிர்காற்று உள்ளே வரட்டும், அவனுக்கே புரியும்! படிக்கக் கற்றுக்கொடுப்பது? அதற்கும் அவசரமில்லை. எமீலுக்கு விருந்துக்கு அழைப்புச் சீட்டு வருகிறது. படித்துச் சொல்ல அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் யாருமில்லை. விருந்து கை நழுவிப் போகிறது. இப்படி இரண்டு மூன்று தடவை நடந்தால் பையன் தானாகவே எழுத்துக் கூட்ட ஆரம்பித்துவிட மாட்டானா என்கிறார் ரூஸோ.

மதத்தைப் பற்றி அதில் எழுதியிருந்ததற்காகப் புத்தகத்தைப் பாரிஸிலும் ஜெனிவாவிலும் எரித்தார்கள். கைது உத்தரவு வர, ரூஸோ ஊரைவிட்டே ஓட வேண்டியதாயிற்று. (இதில் ஒரு குரூரமான வேடிக்கை உண்டு. ரூஸோவுக்கு ஐந்து குழந்தைகள் பிறந்தன. ஐந்தையும் அனாதை விடுதியில் விட்டுவிட்டார். குழந்தை வளர்ப்பு பற்றி உலகத்துக்கே பாடம் எடுத்தவர் ஒரு குழந்தையைக்கூட வளர்க்கவில்லை!)

இந்தப் புத்தகத்தைப் படித்துச் சொக்கிப்போனவர்தான் டிக்கின் அப்பா ரிச்சர்ட் லவெல் எட்ஜ்வொர்த். அயர்லாந்தில் நிலபுலன் உள்ள குடும்பம். புதுசு புதுசாக வண்டிகளும் இயந்திரங்களும் வடிவமைப்பதில் பைத்தியம். டிக்குக்கு மூன்று வயதானபோது பரிசோதனை ஆரம்பமாயிற்று. அப்போது அப்பாவுக்கே வயது 23-தான்!

டிக் வெறுங்காலோடு திரிந்தான். குளிரோ மழையோ கவலையில்லை. இஷ்டப்பட்ட இடத்துக்குப் போனான், வந்தான். சொந்தக்காரர்களும் நண்பர்களும் கேலி செய்தார்கள், சண்டை போட்டார்கள். அப்பா அசையவில்லை. சில வருடங்களில் பலன் தெரிந்தது. பையன் திடகாத்திரமாக இருந்தான், பயம் என்றால் என்னவென்று தெரியாது. இயந்திரங்கள் எப்படி ஓடுகின்றன என்பதைத் தன் வயசுக்கு மீறிப் புரிந்துகொண்டான். புத்தக அறிவு கிட்டத்தட்ட இல்லை. யாருக்கும் அடங்குவதும் இல்லை!

சரி, பாரிஸுக்கு வருவோம். நடந்துவிட்டுத் திரும்பிய ரூஸோ தீர்ப்புச் சொன்னார். பையன் புத்திசாலிதான். ஆனால், வழியில் நல்ல குதிரையைப் பார்த்தாலும் சரி, அழகான வண்டியைப் பார்த்தாலும் சரி, 'இது எங்க இங்கிலாந்துது!' என்றானாம். ஷூ பக்கிளைப் பார்த்தால்கூட அதே பேச்சு! இப்படி ஒரு பக்கமாகச் சாயும் குணம் நல்லதில்லை, கவனியுங்கள் என்று எச்சரித்தார்.

அப்பாவுக்குக் கவனிக்கத்தான் நேரமில்லை. அங்கிருந்து லியோன் நகரத்துக்குப் போனவருக்கு ரோன் நதியைத் திசைதிருப்பும் பெரிய வேலை கிடைத்தது. வேலையில் மூழ்கிப்போனார். யாருக்கும் கட்டுப்படாமல் வளர்ந்த டிக்கை அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். 1773-ல் டிக்கின் அம்மா இறந்துபோனார். அப்பா அதே வருடம் ஹொனோரா என்கிற பெண்ணை மணந்துகொண்டார். டிக் என்னென்னவோ பண்ணிப் பார்த்து, கடைசியில் கப்பலுக்குப் போகிறேன் என்றான். தடுத்துப் பயனில்லை என்று அப்பாவும் அனுப்பிவைத்தார். அங்கேயும் ஒத்துவராமல், அமெரிக்காவுக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டான். அப்புறம் ஓரிரு தடவை ஊருக்கு வந்துபோனதோடு சரி.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எமீலுக்கு உத்தரவு போடாதே என்று சொன்ன அதே புத்தகத்தில், எமீல் கூடவே ஒரு ஆசிரியர் இருக்கிறார். குழந்தைப் பருவத்திலிருந்து கல்யாணம் வரை! அழைப்புச் சீட்டு வரும்போது பக்கத்தில் ஆள் இல்லாமல் போவதுகூடத் தற்செயல் இல்லை, ஏற்பாடு! எமீலின் சுதந்திரத்துக்குப் பின்னால் இன்னொரு மனிதரின் முழு வாழ்க்கை இருக்கிறது. எட்ஜ்வொர்த் புத்தகத்திலிருந்து சுதந்திரத்தை எடுத்துக்கொண்டார். ஆசிரியரை விட்டுவிட்டார்.

டிக்காவது பிழைத்தான். எட்ஜ்வொர்த்தின் நெருங்கிய நண்பர் தாமஸ் டே, ரூஸோவைப் படித்துவிட்டு இன்னும் விபரீதமான காரியம் செய்தார். 1769-ல் அனாதை விடுதியிலிருந்து இரண்டு சிறுமிகளைக் கூட்டிவந்து, அதில் ஒருத்தியைத் தனக்கு ஏற்ற மனைவியாகத் தானே 'தயாரிக்க' முயன்றார். மனஉறுதியைச் சோதிக்க அந்தப் பெண்ணின் கைமேல் சூடான மெழுகைச் சொட்டவிட்டார். தைரியத்தைச் சோதிக்கப் பாவாடையைக் குறிபார்த்துத் துப்பாக்கியால் சுட்டார்! கடைசியில் வேறு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். குழந்தையை விட்டுவிட்டுக் கொள்கையைக் காதலித்தால் எங்கே கொண்டுபோய் விடும், பார்த்தீர்களா?

எட்ஜ்வொர்த் நல்லவேளையாக அந்த வகை இல்லை. தோற்றதைத் தன் சுயசரிதையில் மறைக்காமல் எழுதினார். வேறு யாராவது என்றால், அடுத்த குழந்தைகளை ஒழுங்காகப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருப்பார்கள். இவர் திரும்பவும் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்! ஆனால், இந்தத் தடவை முறையே வேறு. அதற்குக் காரணம் ஹொனோரா.

அந்தப் பெண்மணி ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். குழந்தை என்ன கேட்டது, நாம் என்ன பதில் சொன்னோம், அதற்குக் குழந்தை திரும்ப என்ன சொன்னது... எல்லாவற்றையும் எழுதிவைத்தார். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கிறதல்லவா? அந்தக் காலத்தில் குழந்தை பேசுவதை உட்கார்ந்து குறிப்பெடுப்பது என்பது அபூர்வமான காரியம். 1780-ல் ஹொனோரா காசநோயில் இறந்தார். சாகும்முன் தன் தங்கை எலிசபெத்தையே மணந்துகொள்ளும்படி கணவரிடம் கேட்டுக்கொண்டார். எலிசபெத் அந்தக் குறிப்புகளைத் தொடர்ந்தார். (எட்ஜ்வொர்த் பிறகு நாலாவதாகவும் ஒரு கல்யாணம் செய்துகொண்டார். மொத்தம் 22 குழந்தைகள். பரிசோதனைக்கு ஆள் பஞ்சமே இல்லை!)

1782-ல் குடும்பம் அயர்லாந்தில் இருந்த சொந்த ஊருக்குப் போனது. ஊர் பெயரே எட்ஜ்வொர்த்ஸ்டவுன். டிக்கின் தங்கை மரியா அங்கே தம்பி, தங்கைகளுக்குப் பாதி அம்மா, பாதி டீச்சர். அவர்களுக்காகக் கதைகள் எழுதினார். முதலில் ஸ்லேட்டில் எழுதி வாசித்துக் காட்டுவார். வாண்டுகளுக்குப் பிடித்தால்தான் காகிதத்துக்குப் போகும். இல்லையென்றால் அழித்துவிட வேண்டியதுதான். இந்த மரியாதான் பின்னாளில் புகழ்பெற்ற நாவலாசிரியை மரியா எட்ஜ்வொர்த்.

1798-ல் அப்பாவும் மகளும் சேர்ந்து 'நடைமுறைக் கல்வி' என்ற புத்தகத்தை இரண்டு பாகங்களாக வெளியிட்டார்கள். முதல் அத்தியாயம் எதைப் பற்றித் தெரியுமா? பொம்மைகள்! கடையில் விற்கும் பளபள பொம்மைகளால் பயனில்லை. குழந்தை அதை உடைக்கிறது என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிறது, அதைத் திட்டாதீர்கள் என்கிறார்கள். அதற்குப் பதில் அட்டை, கூர்முனை இல்லாத கத்தரிக்கோல், கம்பி, பசை, மெழுகு கொடுங்கள். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குத் தச்சு சாமான்கள். கெட்டுப்போகும் நாற்காலி, மேஜை எதுவும் இல்லாத ஓர் அறை. பாடம் என்றால் கொஞ்ச நேரம்தான். கவனம் களைத்துப்போகும்முன் நிறுத்திவிட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, பெரியவர்கள் பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டும்.

இதிலும் குறை இல்லாமலில்லை. வீட்டு வேலைக்காரர்களோடு குழந்தைகளைப் பேசவே விடாதீர்கள் என்று அந்தப் புத்தகம் கண்டிப்பாகச் சொல்கிறது. ஜமீன் வீட்டு மூக்குக் கண்ணாடி! தவிர, நூலகமும் ஓய்வும் உள்ள அந்தக் குடும்பத்துக்குச் சாத்தியமானது, அவர்கள் நிலத்தில் உழுத விவசாயி வீட்டுக்குச் சாத்தியமில்லை. இன்றைக்கும் அந்தக் கேள்வி அப்படியே இருக்கிறது.

கிட்டத்தட்ட இருநூறு வருடம் கழித்து, அமெரிக்காவில் ஜான் ஹோல்ட் என்ற ஆசிரியர், குழந்தைகள் வகுப்பறையில் ஏன் தோற்கிறார்கள் என்று 1964-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதற்கு அவர் பிரதானமாகச் செய்ததும் இதுதான்: வகுப்பில் உட்கார்ந்து குழந்தைகளைக் கவனித்து, கவனித்துக் குறிப்பு எழுதினார்! 1977-ல் பள்ளிக்கூடம் இல்லாமல் பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்களுக்காகவே ஒரு பத்திரிகையும் ஆரம்பித்தார்.

பள்ளிக்கு அனுப்புவதா, வீட்டில் வைத்துக்கொள்வதா என்பது அவரவர் வீட்டு முடிவு. வீட்டில்தான் என்று தீர்மானிக்கிறவர்கள், மாலை நேரத்தில் குழந்தை கேட்ட கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிவைத்துப் பாருங்கள். ஒரு மாதம் போதும். பக்கங்கள் காலியாக இருந்தால், குழந்தை கேட்கவில்லை என்று அர்த்தமில்லை. நாம் அங்கே இல்லை என்று அர்த்தம்.

1796-ல் மரியாவின் ஸ்லேட்டுக் கதைகள் புத்தகமாக லண்டனில் வெளிவந்தன. பல தலைமுறைக் குழந்தைகள் அதைப் படித்து வளர்ந்தார்கள். அதே 1796-ல் அமெரிக்காவில் டிக் இறந்துபோனான். வயது 32. தம்பி, தங்கைகளுக்குக் கிடைத்த அந்தப் பொறுமையான அப்பா, டிக்கிடம் தவறு செய்துதான் பாடம் கற்றுக்கொண்டார். அந்தப் படிப்புக்கு ஃபீஸ் கட்டியவன் மட்டும் டிக்.