கிஹோன் நகரத்தில் இரண்டு ஆட்டங்கள்

கால்பந்து உலகில் 1982 ஆம் ஆண்டு என்றவுடன் பலர் நினைவுக்கு வருவது இத்தாலி. ஸ்பெயின் நாட்டில் நடைபெற்ற உலகக் கோப்பைப் போட்டியில், ஜூலை 11 அன்று மாட்ரிட் நகரில் மேற்கு ஜெர்மனியை 3-1 என வென்று, அந்நாடு மூன்றாம் முறையாக உலக வாகையர் ஆயிற்று. பாவ்லோ ரோசி அடித்த ஆறு கோல்களைப் பற்றியும், பிரேசில் தோற்று வெளியேறிய அவலத்தைப் பற்றியும் ஏராளமாக எழுதப்பட்டுள்ளது. யான் எழுத முற்படுவது, அவ்வாண்டில் முதற்சுற்றோடு ஊர் திரும்பிய ஓர் அணியைப் பற்றி. அவ்வணி அல்ஜீரியா.

நுழைவாயிலில் நிற்பதற்கே ஆப்பிரிக்க நாடுகள் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. 1966 ஆம் ஆண்டுப் போட்டியில் ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா ஆகிய மூன்று பெருநிலப்பரப்புகளுக்கும் சேர்த்து ஒரே ஓர் இடத்தைத்தான் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பாகிய பிஃபா ஒதுக்கிற்று. கானா முன்னின்று நடத்த, ஆப்பிரிக்க நாடுகள் அப்போட்டியைப் புறக்கணித்தன. அதன் பயனாக 1970 முதல் அவற்றுக்கு ஓர் இடம் உறுதியாயிற்று. 1982 இல் அணிகளின் எண்ணிக்கை 16 இலிருந்து 24 ஆக உயர்ந்தபோது இரண்டு இடங்கள் கிடைத்தன. அவ்விரண்டில் ஒன்றைக் காமரூனும் மற்றொன்றை அல்ஜீரியாவும் பெற்றன. இரண்டுமே புதுமுகங்கள்.

அல்ஜீரிய அணியின் பயிற்சியாளர் இருவருள் ஒருவர் ரஷீத் மெக்லூஃபி. இவர் வரலாறு நம் இளைஞர்கள் அறிய வேண்டியது. 1958 இல் இவர் பிரான்சு நாட்டின் செயின்ட் எத்தியேன் கழகத்தில் புகழ்பெற்ற ஆட்டக்காரர். அவ்வாண்டு சுவீடனில் நடந்த உலகக் கோப்பைக்குப் பிரெஞ்சு அணியில் இடம்பெறும் வாய்ப்பும் அவருக்கு இருந்தது. அல்ஜீரியாவோ அப்போது பிரான்சின் ஆட்சியின்கீழ் விடுதலைப் போர் நடத்திக் கொண்டிருந்தது. ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள், அவரும் வேறு சில அல்ஜீரிய ஆட்டக்காரர்களும் பணத்தையும் புகழையும் விட்டுவிட்டு மறைவாக எல்லை கடந்து தூனிசு நகரை அடைந்தனர். விடுதலை முன்னணியின் பெயரால் ஓர் அணி அமைத்து, நாடு நாடாகச் சென்று ஆடினர். பிஃபா அவ்வணியை ஏற்க மறுத்தது. நாடு என்று ஒன்று பிறக்கும் முன்னரே அதற்கு ஓர் அணி பிறந்துவிட்டது எனலாம். 1962 இல் விடுதலை வந்தது. இருபது ஆண்டுகள் கழித்து, அந்த மெக்லூஃபி தம் நாட்டு இளைஞர்களை உலக மேடைக்கு அழைத்து வந்தார்.

1982 ஜூன் 16. இடம், ஸ்பெயினின் வடகரையில் உள்ள கிஹோன். எதிரே நின்றது மேற்கு ஜெர்மனி. அது இருமுறை உலகக் கோப்பையை வென்ற நாடு. 1980 இல் ஐரோப்பிய வாகையர். தகுதிச் சுற்றில் ஆடிய எட்டு ஆட்டங்களையும் வென்று வந்த அணி. தோற்றால் அடுத்த இரயிலேறி மூனிச்சுக்குத் திரும்புவேன் என்று அதன் பயிற்சியாளர் டெர்வால் நகையாடினாராம். ஏளனம் செய்வோருக்கு விடை சொல்லும் இடம் ஆடுகளம். 54 ஆம் நிமிடத்தில் ரபா மாஜர் முதல் கோலை அடித்தார். 67 ஆம் நிமிடத்தில் ரும்மெனிகே அதைச் சமன் செய்தார். இனி ஜெர்மனி எழும் என்று அரங்கமே எண்ணியிருக்கும். மறு நிமிடமே, நடுக்கோட்டிலிருந்து தொடங்கிய பந்து காலுக்குக் கால் மாறி இடப்புறம் சென்றது. சாலா அசாத் அதைக் குறுக்கே அனுப்ப, லக்தர் பெல்லூமி வலைக்குள் தள்ளினார். ஆட்டம் 2-1 என முடிந்தது. டெர்வால் இரயில் ஏறவில்லை.

அடுத்து அல்ஜீரியா ஆஸ்திரியாவிடம் 0-2 எனத் தோற்றது. ஜூன் 24 அன்று சிலியை 3-2 என வென்றது. இனி நேர்ந்ததை அறியச் சிறிது கணக்குப் பார்க்க வேண்டும். வெற்றிக்கு இரண்டு புள்ளி என்பது அந்நாளைய விதி. அல்ஜீரியாவுக்கு நான்கு புள்ளிகள். அடித்த கோல் ஐந்து, வாங்கிய கோல் ஐந்து. ஆஸ்திரியாவுக்கும் நான்கு புள்ளிகள். ஆனால் மூன்று கோல் அடித்து ஒன்றும் வாங்கவில்லை. ஜெர்மனிக்கு இரண்டே புள்ளிகள். எஞ்சியிருந்தது ஜெர்மனி, ஆஸ்திரியா ஆட்டம் ஒன்றே, அதுவும் மறுநாள். ஜெர்மனி ஒரு கோலாலோ இரு கோலாலோ வென்றால் ஐரோப்பிய அணிகள் இரண்டும் மேலேறும், அல்ஜீரியா வெளியேறும். மற்றவர் விடைத்தாள்களைப் படித்துப் பார்த்தபின் இருவரைத் தேர்வெழுத அழைப்பது போன்ற ஏற்பாடு அது.

ஜூன் 25, அதே கிஹோன் அரங்கம். பத்தாம் நிமிடத்தில் ஹ்ருபெஷ் ஜெர்மனிக்கு ஒரு கோல் அடித்தார். அத்துடன் ஆட்டம் இறந்தது. எஞ்சிய எண்பது நிமிடமும் இரு அணியினரும் பந்தைத் தத்தம் பக்கத்திலேயே தமக்குள் தட்டிக் கொண்டிருந்தனர். அரங்கில் இருந்த அல்ஜீரியர்கள் பண நோட்டுகளை உயர்த்திக் காட்டினர். ஸ்பானிய மக்களும் வெகுண்டு கூவினர். ஆஸ்திரியத் தொலைக்காட்சியின் வருணனையாளர், பெட்டியை அணைத்துவிடுங்கள் என்று தம் நாட்டவரையே கேட்டுக் கொண்டார். கிஹோன் நகர நாளேடு அந்த ஆட்டத்தின் செய்தியைக் குற்றச் செய்திகளுக்கான பக்கத்தில் வெளியிட்டது. இதனினும் கூரிய விமரிசனத்தை யான் படித்ததில்லை.

அல்ஜீரியா பிஃபாவிடம் முறையிட்டது. முறையீடு தள்ளப்பட்டது. எந்த விதியும் மீறப்படவில்லை என்பதே காரணம். உண்மைதான், முன்கூட்டியே பேசி வைத்தனர் என்று எவரும் மெய்ப்பிக்கவுமில்லை. ஆனால் பேசி வைக்க வேண்டிய தேவையே அங்கு இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு சொல்கூடப் பேசாமல் இருவர் சேர்ந்து மூன்றாமவனை வெளியே தள்ளும்படி கால அட்டவணையே அமைந்திருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் அர்ஜென்டினாவில் இதற்கு எச்சரிக்கையும் கிடைத்திருந்தது. பிரேசிலின் ஆட்டம் முடிந்து, நான்கு கோல் வேறுபாடு போதும் என்பது தெரிந்த பின்னரே அர்ஜென்டினா களமிறங்கிப் பெருவை 6-0 என வென்றது. அப்போதும் ஐயங்கள் எழுந்தன. அட்டவணை மட்டும் மாறவில்லை.

அல்ஜீரியாவின் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிலிக்கு எதிரான ஆட்டத்தில் இடைவேளையின்போது அவர்கள் 3-0 என முன்னிலையில் இருந்தனர். பின்பாதியில் தளர்ந்து இரண்டு கோல்களை விட்டுக் கொடுத்தனர். 3-0 என்றே முடித்திருந்தால், மறுநாள் ஜெர்மனி 1-0 என வென்றிருப்பினும், கூடுதல் கோல் அடித்த கணக்கில் ஆஸ்திரியாவைத் தள்ளி அல்ஜீரியாவே முன்னேறியிருக்கும். அவ்விரு அணிகளும் எளிதில் ஒத்துப்போகக் கூடிய ஒரு முடிவே அப்போது இருந்திராது. மெய்யாகவே ஆடித்தான் தீரவேண்டும். அந்த ஒன்றரை மணி நேரத்தின் பின்பாதியை எண்ணி அவர்கள் எத்தனை இரவு உறங்காதிருந்தனரோ! எனினும், இது அவர்கள் தோற்றதற்கு ஒரு காரணம் ஆகுமேயன்றி, மற்றவர் செய்ததற்கு நியாயம் ஆகாது.

காமரூனும் அவ்வாண்டில் ஓர் ஆட்டத்திலும் தோற்காமலேயே திரும்பியது. பெரு, போலந்து, இத்தாலி மூன்றுடனும் சமன் செய்து, இத்தாலிக்கு நிகரான புள்ளிகளும் பெற்று, ஒரு கோல் குறைவாக அடித்ததால் வெளியேறியது. அந்த இத்தாலிதான் பின்னர்க் கோப்பையை வென்றது.

1986 இல் மெக்சிகோவில் போட்டி நடந்தபோது, ஒரு பிரிவின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்திருந்தது. அவ்விதி இன்றும் நிலைத்துள்ளது. முறையீட்டைத் தள்ளிய அதே பிஃபாதான் அதை இயற்றியது.

மாஜர் பின்னர்ப் போர்ச்சுக்கல் நாட்டின் போர்ட்டோ கழகத்தில் சேர்ந்தார். 1987 மே 27 அன்று ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டம். எதிரணி மூனிச் நகரத்து பேயர்ன் கழகம். ஆட்டம் நடந்த இடம் ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னா. ஒரு கோல் பின்தங்கியிருந்த போர்ட்டோவுக்கு 77 ஆம் நிமிடத்தில் வாய்ப்பு வந்தது. மாஜர் கோல் கம்பத்துக்கு முதுகு காட்டி நின்றபடியே, குதிகாலால் பந்தை வலைக்குள் தட்டினார். போர்ட்டோ 2-1 என வென்றது.