இருப்பிடத்தின் இரகசியம்

ஒரு மனிதன் எங்கே போகிறான், எவரைக் காண்கிறான், எப்போது வீடு திரும்புகிறான் என்பதை அறிய விரும்பிய அரசாங்கம், முன்னாளில் அதற்கென்று ஆள் அமர்த்திச் சம்பளமும் கொடுத்து, இரவு பகலாகப் பின்தொடரச் செய்ய வேண்டியிருந்தது. கொள்ளை வழக்கொன்றில் சாட்சியம் போதாமல் விடுவிக்கப்பட்ட உத்தரப் பிரதேசத்துக் கரக் சிங் என்பவர், அதன் பின்னும் போலீசார் நள்ளிரவில் தம் கதவைத் தட்டியும் தம் போக்குவரத்தைக் குறித்தும் வந்ததை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தின் படியேறினார். 1962 டிசம்பரில் நீதிபதிகளில் பெரும்பான்மையோர் இரவு வருகையை மட்டும் செல்லாதென்று தள்ளி, நடமாட்டத்தைக் கவனிப்பதில் உரிமைப் பங்கம் ஏதுமில்லை என்றனர். கண்காணிப்பின் நடுவே நடப்பவனைச் சுதந்திரமாக நடப்பவனென்று கொள்ளலாகாது என்னும் கருத்துப்பட நீதிபதி சுப்பா ராவ் எழுதிய மாறுபட்ட தீர்ப்பே, என் அபிப்பிராயத்தில், அவ்வழக்கின் சாரம்.

கைப்பேசி வந்த பிறகு அந்தப் போலீஸ்காரருக்கு வேலை குறைந்தது. வரும் அழைப்பை எந்தக் கோபுரத்தின் வழியே அனுப்புவதென்று கம்பெனிக்குத் தெரிந்தாக வேண்டுமாதலால், சட்டைப்பையில் சும்மா கிடக்கும்போதும் அக்கருவி அவ்வப்போது தன் இருப்பைத் தெரிவித்துக்கொண்டேயிருக்கும். 911 என்ற அவசர எண்ணை அழைப்பவரின் இடத்தைக் கம்பெனிகள் கண்டறிந்து சொல்ல வேண்டுமென்று அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 1996இல் விதித்ததும் உயிர் காக்கும் நல்லெண்ணத்தாலேயே. இவ்விதம் தெரிந்த இடங்களைக் குறித்துச் சேர்த்து வைத்த ஏட்டைப் பிற காரியங்களுக்காகப் புரட்டத் தொடங்கியபோதுதான் விபரீதம் பிறந்தது.

அவ்வேட்டின் பருமனை உலகுக்குக் காட்டியவர் ஜெர்மனியின் பசுமைக் கட்சியைச் சேர்ந்த மால்ட்டே ஷ்பிட்ஸ். டாய்ச்ச டெலிகாம் கம்பெனி தம்மைப்பற்றி வைத்திருந்த பதிவுகளை வழக்காடிப் பெற்றார். 2009 ஆகஸ்டு தொடங்கி ஆறு மாதத்துக்கு 35,000க்கு மேற்பட்ட குறிப்புகள்! அவர் பேசிய பேச்சில் ஒரு சொல்லும் அவற்றில் இல்லை. ஆயினும் 2011இல் ஒரு பத்திரிகை அவற்றைத் தேசப்படத்தில் பரப்பியபோது, அவர் ரயிலேறிய நேரமும் உறங்கிய ஊரும் பகிரங்கமாயின. அந்தரங்கத்தைக் காப்பதற்காகத் தம் அந்தரங்கத்தையே அம்பலத்தில் வைத்தவரை வேறெங்கும் நான் அறியேன்.

அமெரிக்காவிலோ, கைப்பேசிக் கடைகளைக் கொள்ளையிட்ட வழக்கில் சிக்கிய கார்பென்டர் என்பவரை, வேடிக்கைபோல, அவருடைய கைப்பேசியே காட்டிக்கொடுத்தது. 127 நாட்களில் 12,898 இடக்குறிப்புகள் போலீசாருக்குக் கிடைத்தன. இத்தகைய பதிவைப் பெற வாரன்ட் வேண்டுமென்று 2018இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற அளவில் தீர்த்தது. அதற்கு முந்திய ஆண்டே நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் புட்டசாமி வழக்கில் ஏகமனதாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென்று பிரகடனம் செய்திருந்தார்கள். சுப்பா ராவின் மாறுபட்ட குரலுக்கு இவ்விதம் 55 ஆண்டு கழித்து ஜயம் கிட்டிற்று.

இக்காலத்து வாசகர் தம் கருவியில் இடமறியும் வசதியை நிறுத்தி வைப்பதும், கண்ட செயலிகளுக்கெல்லாம் அளித்த அனுமதியைத் திரும்பப் பெறுவதும் அவசியமான காரியங்களே. எனினும் அவை செயலிகளைத் தடுக்குமேயன்றிக் கோபுரத்தின் கணக்கைத் தீண்டா. அழைப்புகளைப் பற்றிய அக்கணக்கை, 2021 டிசம்பரில் திருத்தப்பெற்ற உரிம விதிப்படி, இந்தியக் கம்பெனிகள் குறைந்தது 2 ஆண்டுகள் பாதுகாத்து வைக்கக் கடமைப்பட்டிருக்கின்றன.