வீட்டில் பிலிம் கழுவுதலின் வரலாறு

கருப்பு வெள்ளைப் பிலிமை ஸ்டுடியோவுக்குக் கொடுக்காமல், படம் எடுத்தவரே வீட்டில் வேதிக்கரைசல்களில் இட்டு நெகட்டிவாக மாற்றுவது பேச்சு வழக்கில் 'பிலிம் கழுவுதல்' எனப்படும். கேமராவில் ஒளி பட்ட பிலிமைப் பார்த்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. டெவலப்பர் என்னும் கரைசல், ஒளி பட்ட சில்வர் புரோமைடு துகள்களைக் கருத்த வெள்ளியாக மாற்றுகிறது. ஒளி படாதவற்றை ஹைப்போ கரைத்து நீக்குகிறது. ஹைப்போவின் இந்தக் குணத்தை 1819இல் கண்டறிந்தவர் ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல். அது புகைப்படத்துக்குப் பயன்பட மேலும் இருபது ஆண்டுகள் ஆயின.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தாமே கழுவுவது பொழுதுபோக்கு அல்ல, கட்டாயம். பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851இல் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையில், கண்ணாடித் தகட்டில் பூசிய மருந்து காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவியும் ஆக வேண்டும். கொல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரூன், 1863 இறுதியில் தமது 48ஆவது வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த கேமராவுடன் இந்த வேலையில் இறங்கினார். இங்கிலாந்தின் வைட் தீவில் இருந்த அவரது வீட்டில் நிலக்கரி அறை இருட்டறையாயிற்று, கோழிக்கூடு ஸ்டுடியோவாயிற்று. ஈரத் தகட்டைக் கணவரிடம் காட்டச் சாப்பாட்டு அறைக்கு ஓடி ஓடியே மேசை விரிப்புகளெல்லாம் சில்வர் நைட்ரேட் கறை பட்டுப் பாழாயின என்று அவரே எழுதியுள்ளார். அவருடைய படங்களில் கீறலும் விரல் தடமும் இருப்பதாக அக்காலப் படக்கலைஞர்கள் குறை கூறினர். பெரும்பாலும் தாமே தட்டுத்தடுமாறிக் கற்றவரின் தகடு வேறு எப்படி இருக்கும்? 1875இல், கணவரின் காப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். 1879இல் அங்கேயே காலமானார். அங்கு அவர் எடுத்தவற்றில் மிகச் சில படங்களே எஞ்சியுள்ளன. மருந்தும் நல்ல தண்ணீரும் எளிதில் கிடைக்காததும் இதற்கு ஒரு காரணம் என்பர்.

ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கோடாக் கேமராவின் விலை 25 டாலர். 100 படங்களுக்கான சுருள் உள்ளேயே இருந்தது. எடுத்து முடித்ததும் கேமராவையே ராச்செஸ்டர் நகருக்கு அனுப்பினால், 10 டாலருக்குக் கழுவி அச்சிட்டு, புதுச் சுருளும் போட்டு அனுப்புவார்கள். எளிய மக்களின் கைக்குக் கேமரா வந்தது இந்த வழியில்தான். ஆனால் படத்தின் பாதி வேலை வீட்டை விட்டு வெளியேறிவிட்டது.

அதை மீண்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தது மூடியுள்ள ஒரு சிறு தொட்டி. தொலைபேசி கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் செயலாளராக இருந்த ஆர்தர் மெக்கர்டி அத்தகைய தொட்டி ஒன்றை வடிவமைத்தார். அதன் உரிமையை ஈஸ்ட்மன் நிறுவனம் வாங்கியது. பழைய தகடுகள் சிவப்பு ஒளிக்கு மசியாதவை. சிவப்பு விளக்கில் தட்டில் வைத்து, உருவம் எழுவதைக் கண்ணால் பார்த்தே கழுவலாம். 1906இல் ராட்டன் அண்ட் வெய்ன்ரைட் நிறுவனம் எல்லா நிறங்களையும் உணரும் தகடுகளை விற்கத் தொடங்கியது. அவற்றுக்கு முழு இருட்டு வேண்டும். பிற்காலத்துத் தொட்டியில் பிலிமைச் சுருள் சட்டத்தில் ஏற்றும் சில நிமிடங்களுக்கு மட்டும் இருட்டு போதும். கைகளை நுழைக்கும் கருப்புத் துணிப்பையே அதற்குப் போதுமானது. மூடியை அடைத்த பின் எல்லாம் வெளிச்சத்தில்தான். கண்ணின் வேலையைக் கடிகாரமும் வெப்பமானியும் எடுத்துக்கொண்டன.

மருந்துகளும் எளிதாயின. கோடாக்கில் பணியாற்றிய ஜான் காப்ஸ்டாஃப் 1927இல் உருவாக்கிய டி-76 கரைசலின் செய்முறை ஒளிவுமறைவின்றி வெளியானது: ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். தராசு உள்ள எவரும் கலக்கலாம். கழுவும் நேரம் பெரும்பாலும் 20 பாகை செல்சியசுக்குக் கணக்கிடப்படுகிறது. வெப்ப நாடுகளில் பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்துக் குளிர்விப்பது உண்டு. சூடு மிகுந்தால் ஜெலட்டின் படலம் இளகிவிடும்.

சிகாகோ அருகே ஹைலண்ட் பார்க்கில் 1956 முதல் ஒரு குடும்பத்தின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட விவியன் மேயர், தமக்கெனக் கிடைத்த குளியலறையையே இருட்டறையாக வைத்திருந்தார். 1970களின் தொடக்கத்தில் அந்த வேலையை விட்டுச் சென்றபின் கழுவாத சுருள்கள் சேரத் தொடங்கின. வாடகை செலுத்தாததால் 2007இல் அவரது பெட்டிகள் ஏலம் விடப்பட்டபோது, அவற்றில் கழுவாத சுருள்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. 2009இல் மேயர் இறந்தார். அவற்றில் பல அதன் பிறகே வேறு கைகளால் கழுவப்பட்டன. அந்தப் படங்களை எடுத்தவர் பார்க்கவே இல்லை.