தராய் நிலமும் பந்த்நகர்ப் பல்கலைக் கழகமும்

பிழைப்பின் பொருட்டு வடபுலத்தில் குடியேறி வாழும் நாம், இப்பகுதியின் கோட்டைகளையும் கோயில்களையும் பற்றி ஓரளவு அறிந்திருக்கிறோம். அன்றாடம் நம் இல்லத்தில் பொங்கும் சோற்றுக்கும் சுடும் சப்பாத்திக்கும் பின்னாலுள்ள வரலாற்றையோ அவ்வளவாக அறிந்தோமில்லை. காய்ச்சலுக்கும் புலிக்கும் அஞ்சி வெளியார் அணுகாதிருந்த ஒரு நிலம், இந்தியாவின் முதல் வேளாண்மைப் பல்கலைக் கழகத்துக்கு இருப்பிடமான செய்தி அவ்வரலாற்றில் தலையாய ஒன்று. அதனை இம்மலரில் எடுத்துரைக்க விழைகிறோம்.

இமயத்தின் அடிவாரத்தை ஒட்டி அமைந்திருப்பது பாபர் எனப்படும் கூழாங்கற் பகுதி. மலையிலிருந்து இறங்கும் சிற்றாறுகள் பல அங்கே கற்களினூடே புகுந்து மறைந்துவிடுகின்றன. மறைந்த நீர் சற்றுத் தெற்கே ஊற்றாக மீண்டும் வெளிப்படுகிறது. அந்த ஈர நிலமே தராய். நாணலும் நெடும்புல்லும் மண்டி, கொசுவும் கொடுவிலங்கும் பெருகிய இடமாக அது இருந்தது. ஆயினும் ஆளற்ற காடு என்று அதனைச் சொல்லுதல் தகாது. தாரு, புக்ஸா என்னும் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே பயிர் செய்து வாழ்ந்து வந்தனர்.

1947-ல் தேசம் பிரிவுற்றபோது, மேற்குப் பஞ்சாபில் நிலபுலன்களை இழந்த உழவர் பல்லாயிரவர் இப்பால் வந்தனர். அந்நாளில் ஐக்கிய மாகாணத்தின் முதன்மை அமைச்சராயிருந்தவர் பண்டித கோவிந்த வல்லப பந்த். அவருடைய அரசு தராயைத் திருத்திக் குடியேற்றத் திட்டமிட்டது. டிராக்டர்கள் புல்லைப் புரட்டின, டி.டி.டி. மருந்து கொசுவை ஒடுக்கியது. அகதிகளுக்கும் முன்னாள் படைவீரர்க்கும் நிலம் வழங்கப்பட்டது. பல்லாயிரம் ஏக்கர் பரப்பில் அரசுப் பண்ணையொன்றும் எழுந்தது.

டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக் கழகக் கல்விக் குழு, கிராம வாழ்வோடு இயைந்த பல்கலைக் கழகங்கள் வேண்டுமென்று 1949-ல் பரிந்துரைத்தது. 1956-ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஹன்னா என்பார் அதற்கொரு வரைவு தந்தார். 1958-ல் உத்தரப் பிரதேசம் சட்டம் இயற்றியது. 1960 நவம்பர் 17-ல் பிரதமர் நேரு பல்கலைக் கழகத்தைத் தொடங்கி வைத்தார். 1972-ல் அது பந்த் அவர்களின் பெயரைப் பெற்றது. கற்பித்தல், ஆராய்தல், ஆய்ந்ததை உழவரிடம் சேர்த்தல் என்னும் மூன்று பணிகளும் ஒரே கூரையின் கீழ் நடைபெற வேண்டும் என்பதே அதன் அடிப்படைக் கொள்கை.

அக்கொள்கையின் பயன் விரைவிலேயே விளங்கிற்று. தராயில் நட்ட நெல் சில வாரங்களில் வளர்ச்சி குன்றி, இலைகளில் பழுப்புப் புள்ளி படர்ந்து வாடியது. வெற்றிலையுடன் சேர்க்கும் காசுக்கட்டியின் நிறமுடைமையால் உழவர் இதனைக் ‘கைரா’ என்றனர். பூஞ்சையோ பூச்சியோ காரணமாகலாம் என்று எவர்க்கும் தோன்றும். ஆனால் பல்கலைக் கழகத்தின் தாவர நோயியல் அறிஞர் ஒய். எல். நேனே, மண்ணில் துத்தநாகச் சத்து பயிருக்குக் கிட்டாமையே காரணம் என்று 1966-ல் வெளியிட்டார். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில், நீர் தேங்கி நிற்குங்கால், வேர் அச்சத்தைப் பெற இயலாது. மருந்தோ மிக எளிது: ஹெக்டேர் ஒன்றுக்கு 5 கிலோ துத்தநாக சல்பேட்டும் 2.5 கிலோ நீற்றிய சுண்ணாம்பும் நீரிற் கரைத்துத் தெளித்தல். வாடிய வயல் பசுமையுற்றது. நெல் வயலில் துத்தநாகக் குறை கண்டறியப்பட்டது உலகில் அதுவே முதல் முறை. பின்னர்ப் பிற நாடுகளின் நெல் வயல்களிலும் இக்குறை காணப்பட்டது.

அதே 1966-ல், நம் தமிழ்நாட்டவரான சி. சுப்பிரமணியம் மத்திய உணவு அமைச்சராயிருந்தபோது, மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை தருவிக்கப்பட்டது. புதிய விதையைப் பெருக்கித் தூய்மை கெடாமல் வழங்க நம்பத்தக்க அமைப்பு தேவைப்பட்டது. 1969-ல் உலக வங்கிக் கடனுதவியோடு தராயில் விதை உற்பத்தித் திட்டம் உருவாகியது. அதில் உழவரும் பங்குதாரராயினர். பந்த்நகர் விதை என்றால் வட இந்திய உழவரிடையே தனி மதிப்பு ஏற்பட்டது. ஆண்டுக்கு இருமுறை அங்கு நடைபெறும் உழவர் விழாவுக்குப் பல மாநிலத்தவரும் வருகின்றனர்.

இவ்வெற்றியின் மறுபக்கத்தையும் நாம் மறைத்தல் ஆகாது. குடியேற்றம் பெருகவே, தாருவும் புக்ஸாவும் தம் நிலங்களில் பெரும்பகுதியைக் கடனாலும் பத்திர மோசடியாலும் இழந்தனர். 1967-ல் பட்டியல் பழங்குடியினராக அவர்கள் அறிவிக்கப்பட்டபோது, காலம் கடந்துவிட்டது. நீர் தானே ஊற்றெடுத்த அந்நிலத்தில், கோடை நெல்லுக்காக ஆழ்துளைக் கிணறுகள் இறைக்க, நிலத்தடி நீர் தாழ்கிறதே என்னும் கவலையும் இன்று எழுந்துள்ளது. பயிருக்கு என்ன குறை என்று கண்டறிந்த பல்கலைக் கழகம், நிலத்துக்கும் அதன் பழங்குடிகளுக்கும் என்ன குறை என்று கேட்டு விடை காண்பதே இனி அதன் முதற்கடன் என்போம்.

1868-ல் சைதாப்பேட்டையில் வேளாண் பள்ளியாகத் தோன்றி, 1906-ல் கோவைக்குப் பெயர்ந்த நம் நிலையம், 1971-ல் பல்கலைக் கழகமாயிற்று. வயதில் மூத்ததாயினும், பல்கலைக் கழகம் என்னும் நிலையில் அது பந்த்நகருக்கு இளையதே.

கோடை விடுமுறையில் நைனிதாலுக்குச் செல்லும் நம் சங்கத்துக் குடும்பங்கள், ருத்ரபூரைக் கடந்ததும் வழியில் பந்த்நகரைக் காணலாம். ஏரிக்கு விரையுமுன் ஒரு நாழிகை அங்கே நின்று, வயல்களைச் சிறுவர்க்குக் காட்டுக. வீடிழந்து வந்தவரின் உழைப்பும், அறிஞரின் கூரிய நோக்கும், நிலமிழந்தவரின் துயரும் ஒருங்கே கலந்த மண் அது என்பதையும் சொல்லுக. நாம் உண்ணும் நாட்டின் வரலாற்றை அறிதலும் அந்நாட்டுக்கு நாம் செலுத்தும் நன்றியே ஆகும்.