வெண்மணியின் சாட்சிகளும் இன்றைய சட்டமும்

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழவெண்மணியில் தலித் உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். நெல் கூலியை உயர்த்தக் கேட்டதும், சங்கத்தைக் கைவிட மறுத்ததுமே அவர்கள் செய்த 'குற்றம்'. உயிர் தப்பியோர் நீதிமன்றம் ஏறிச் சாட்சி சொன்னார்கள். விசாரணை நீதிமன்றம் மிராசுதார்கள் சிலரைத் தண்டித்தது. ஆனால் உயர் நீதிமன்றமோ, வசதி படைத்த நிலவுடைமையாளர்கள் தாமே நடந்து சென்று தீ வைத்திருப்பார்கள் என நம்புவது கடினம் என்று கூறி அவர்களை விடுவித்தது.

வெண்மணியில் சாட்சிகள் பேசினார்கள், நம்பப்படவில்லை. இன்றோ பல வழக்குகளில் சாட்சி பேசும் நிலையே தடுக்கப்படுகிறது. காவிரிப் படுகையில் மிரட்டல் அரிவாளோடுதான் வரவேண்டும் என்பதில்லை. "நாளை நடவுக்கு வரவேண்டாம்" என்ற ஒரு சொல் போதும். நிலமற்றவரின் அடுப்பு அணைந்தால், சாட்சி பிறழ்சாட்சியாகிவிடுகிறார்.

இந்த மிரட்டலைச் சட்டம் அறியாமலில்லை. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையிலுள்ள திருத்தத்தின்படி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15அ பிரிவு சாட்சிகளைக் காப்பதை அரசின் கடமையாக்குகிறது. பயணச் செலவு, பராமரிப்புச் செலவு, மறுவாழ்வு, இடமாற்றம் ஆகியவை அதில் அடங்கும். சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு தனிக் குற்றமாகவும் ஆக்கப்பட்டுள்ளது.

2018 டிசம்பர் 5 அன்று மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை நாடு முழுமைக்கும் சட்டமாக்கியது. அதன்படி மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம். காவல்துறை ஐந்து வேலை நாட்களுக்குள் அச்சுறுத்தல் ஆய்வறிக்கை தரவேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 398ஆம் பிரிவும், ஒவ்வொரு மாநிலமும் இத்தகைய திட்டத்தை வகுத்து அறிவிக்கப் பணிக்கிறது.

ஆனால் ஓர் ஓட்டை உண்டு. பெண்களுக்கு எதிரான சில குற்றங்கள் நீங்கலாக, 2018 திட்டம் ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களுக்கே பொருந்தும். சாதி இழிவு, புறக்கணிப்பு போன்றவற்றுக்கு உச்சத் தண்டனை ஐந்தாண்டுதான். அவ்வழக்குகளின் சாட்சிகளுக்கு 15அ பிரிவே அரண்.

எனவே களத்தில் நிற்போர் செய்யவேண்டியது ஒன்று: வேலை மறுக்கப்பட்ட நாளையும் மறுத்தவரையும் அன்றே எழுதிவைத்து, சிறப்பு நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கோருவது. கூலி பறிபோவதும் அச்சுறுத்தலே என்பதை நீதிமன்றப் பதிவேட்டில் நாம் ஏற்றியாக வேண்டும்.