மலையில் ஏழு நாள்: புதிதாக வாங்குவதா, கைமாற்றாக வாங்குவதா?

தேனி மாவட்டத்தைச் சுற்றி மூன்று மலைவாசத் தலங்கள் இருக்கின்றன: பெரியகுளத்துக்கு மேலே கொடைக்கானல், போடிமெட்டு ஏறிப் போனால் மூணாறு, கம்பம் தாண்டிக் குமுளியை ஒட்டித் தேக்கடி. டைம்ஷேர் என்கிற விடுமுறை உறுப்பினர் வியாபாரம் இந்தியாவில் வேர்பிடித்த தலங்களில் இவற்றுக்கு முக்கிய இடம் உண்டு.

கோடையைக் கழிக்கப் பலர் சேர்ந்து மலையில் வீடு வைத்துக்கொள்வது இந்தப் பக்கம் பழைய வழக்கம். சமவெளியின் வெயிலிலும் காய்ச்சலிலும் குடும்பங்களை இழந்த அமெரிக்க மதுரை மிஷனார் 1845-இல் கொடைக்கானலில் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். ஊர் உருவானதே அதன் பிறகுதான். வத்தலக்குண்டிலிருந்து வண்டிப்பாதை 1914-இல் திறக்கும் வரை, பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணமநாயக்கன் தோப்பில் இறங்கித்தான் மலையேற வேண்டியிருந்தது. நடக்க முடியாதவர்களை ஆட்கள் நாற்காலியிலும் டோலியிலும் வைத்துத் தூக்கிப் போனார்கள்.

ஒரே அறையை ஆண்டின் வெவ்வேறு வாரங்களுக்கு வெவ்வேறு பேரிடம் விற்கும் முறை 1960-களில் ஐரோப்பாவில் தோன்றியது. ஓர் ஊரில் வாங்கிய வாரத்தை இன்னோர் ஊரில் மாற்றிக்கொள்ள வழிசெய்த ஆர்.சி.ஐ. நிறுவனம் 1974-இல் அமெரிக்காவில் தொடங்கியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டெர்லிங் 1986-இல் இந்த வியாபாரத்தில் இறங்கி, கொடைக்கானலில் விடுதி கட்டியது. மதுரையிலிருந்து தேனி தனி மாவட்டமாகப் பிரிந்த 1996-ஆம் ஆண்டிலேயே மஹிந்திரா ஹாலிடேஸ் பதிவானது; அதன் தொடக்க கால விடுதி மூணாறில் அமைந்தது. பின்னர் தேக்கடியும் இரு நிறுவனங்களின் பட்டியலிலும் சேர்ந்தது.

முதலில் 99 ஆண்டு உரிமை என்று விற்றார்கள். பிறகு 25 ஆண்டு பரவலானது. எத்தனை ஆண்டானாலும் வாங்குபவர் பெயருக்கு நிலமோ கட்டடமோ கிரயம் ஆவதில்லை. ஆண்டுக்கு ஏழு இரவு தங்கும் ஒப்பந்த உரிமைதான் கிடைக்கிறது. அதற்கு மேல், தங்கினாலும் தங்காவிட்டாலும் பராமரிப்புச் சந்தா கட்டியாக வேண்டும், அது ஏறவும் ஏறும்.

நீண்ட கால உரிமையும் ஆண்டு வாடகையும் எப்படி நடக்கும் என்பதைக் கம்பம் பள்ளத்தாக்கு வேறு எந்த ஊரையும் விட நன்றாக அறியும். அதற்குத் தண்ணீர் தரும் முல்லைப் பெரியாறு நீர்த்தேக்கத்தின் நிலத்துக்கு 1886-இல் எழுதிய குத்தகை 999 ஆண்டுக்கானது. வாடகை ஏக்கருக்கு 5 ரூபாய். 1970-இல் அது 30 ரூபாய் ஆனது. ஒரு நூற்றாண்டுக்குள் அத்தனை உறுதியான குத்தகையின் வாடகையே ஆறு மடங்கானதென்றால், விடுதிச் சந்தா 25 ஆண்டும் ஒரே நிலையில் நிற்கும் என்று கணக்குப் போடுவது பிழை.

புதிதாக வாங்குவோர் கொடுக்கும் விலையில் விளம்பரம், பரிசுக் கூப்பன், தம்பதியரை ஓட்டலுக்கு அழைத்து இரவு உணவோடு பேசும் விற்பனைக் கூட்டம், முகவர் கமிஷன் எல்லாம் அடக்கம். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மறுநாளே விற்கப் போனாலும் இந்தச் செலவுகள் திரும்பி வராது. கைமாற்று விலை, அதாவது உறுப்பினர் தன் உரிமையை இன்னொருவருக்கு விற்கும் விலை, குறைவாக இருப்பதற்கு முதல் காரணம் இதுதான். இரண்டாவது காரணம் காலம். 25 ஆண்டு உரிமையில் பத்து ஆண்டு கழிந்திருந்தால் 175 இரவில் 105 இரவுதான் மிச்சம். கேட்கும் விலையோடு மீதமுள்ள ஆண்டுகளின் சந்தாவையும் கூட்டி 105-ஆல் வகுத்தால் ஓர் இரவின் உண்மை விலை தெரியும். அதைக் கொடைக்கானலில் அதே தரமுள்ள ஓட்டல் அறை வாடகையோடு ஒப்பிட வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் வாங்குவது, புதிதானாலும் பழையதானாலும், கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்குவதே.

விலைக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது சீசன் நிறம். மஹிந்திரா ஒப்பந்தங்களில் ஆண்டின் காலங்களைப் பிரிக்க, உயர்ந்ததிலிருந்து இறங்கு வரிசையில், பர்ப்பிள், ரெட், ஒயிட், ப்ளூ என்று நான்கு நிறம் உண்டு. உயர்ந்த நிறம் வைத்திருப்பவர் அதற்குக் கீழுள்ள காலங்களிலும் தங்கலாம். ப்ளூ வைத்திருப்பவருக்கு அந்த உரிமையைக் கொண்டு மேலே போக வழியில்லை. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு முழுப் பரீட்சை விடுமுறை விடும் மே மாதத்தில்தான் கொடைக்கானல் நிரம்பி வழிகிறது. மலிவாகக் கைக்கு வந்த ப்ளூ உரிமை, பிள்ளைகள் படிக்கும் வீட்டுக்கு அந்த நேரத்தில் உதவாது.

கைமாற்றுக்கு நிறுவனத்தின் சம்மதமும் மாற்றுக் கட்டணமும் தேவை. பழைய சந்தா பாக்கி இருந்தால் அது தீராமல் பெயர் மாறாது. முதல் உறுப்பினருக்குக் கொடுத்த சில சலுகைகள் இரண்டாமவருக்குத் தொடராமலும் போகலாம்.

இந்தியாவில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஏமாந்தவர்கள் நுகர்வோர் நீதிமன்றத்தை நாடுகிறார்கள். அறை இரவுகளை விற்று, பிற்காலத்தில் பணமாகத் திருப்பித் தருவதாகச் சொன்ன பான்கார்டு கிளப்ஸ் நிறுவனம் சுமார் 7,035 கோடி ரூபாயைத் திருப்பித் தர வேண்டும் என்று 2016-இல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி உத்தரவிட்டது. லட்சக்கணக்கானோரின் சேமிப்பு அதில் முடங்கியது. ஐரோப்பிய ஒன்றியமோ 2008-இலேயே வாங்கியவர் 14 நாளில் விலகும் உரிமையைச் சட்டமாக்கியது. விற்பனை முடியும் முன் மறுவிற்பனைத் தரகர் முன்பணம் வாங்கக் கூடாது என்றும் தடுத்தது. “உங்கள் மெம்பர்ஷிப்புக்கு ஆள் தயார், பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள்” என்று தொலைபேசியில் பேசுவோரிடம் இங்கே பலர் பணம் இழப்பதைப் பார்த்தால், அந்த விதி நமக்கும் அவசரமாகத் தேவை.

ஆண்டுதோறும் தவறாமல் மலைக்குப் போகும் குடும்பத்துக்கு, மீதமுள்ள ஆண்டுகள், நிறம், பாக்கியின்மை மூன்றையும் நிறுவனத்திடமிருந்தே எழுத்தில் வாங்கிய பிறகு, கைமாற்று உரிமையே சிக்கனம். முழுக் காலமும் எல்லாச் சலுகையும் வேண்டும், விலை பொருட்டில்லை என்பவர் புதிதாக வாங்கலாம். தேனியிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் மூன்று மலையில் எதையும் எட்டிவிடலாம். அதனால் எப்போதாவது போகிறவர் அன்றன்றைக்கு அறை எடுத்துக்கொள்வதே நல்லது.